குண்டு விழுந்த தூரம்

ஒன்றே கால் சென்டுக்காக வந்திருக்கிறேன்.
தேவனாம்பட்டினத்தில், கெடிலம்
கடலோடு சேருமுன் சேறாகித் தயங்கும் இடத்தில்,
தோளில் சங்கிலி, கையில் புலப்பட நகல்.
இந்தப் பக்கம் அஞ்சலாட்சி,
அந்தப் பக்கம் அவள் ஓரகத்தி பூங்காவனம்,
நடுவில் இடுப்பளவுச் சுவர்.
மேல்பாதி ஹாலோபிளாக்.
கீழ்ப்பாதி உள்ளங்கை அகலப் பழஞ்செங்கல்.
"கோட்டைக் கல்லு சார்" என்கிறாள் பூங்காவனம்,
தன் தரப்புச் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதுபோல.

கோட்டை என்று இங்கே பெரிதாக ஒன்றுமில்லை.
முள் மண்டிய மேடு.
எதையும் தாங்காத ஒரு வளைவு,
அதில் காயும் இறால் வலை.

இதை விற்ற நாளில் நான்கு மால் எழுதவில்லை.
வடக்கே இன்னார் நஞ்சை, தெற்கே வாய்க்கால்
என்ற பேச்சே இல்லை.
பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உனக்கு.
அவ்வளவுதான் பத்திரம்.
செஞ்சியை ஆண்ட மராட்டியர் விற்றார்கள்,
கப்பலில் வந்தவர்கள் வாங்கினார்கள்.
வாங்கியவர்கள் ஊரெல்லாம் தேடி
இருப்பதிலேயே தூரம் போகும் பீரங்கியை
வரவழைத்தார்கள்.
என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு.
சொல்ல மாட்டேன்.

குண்டின் பின்னால் ஓடியவன் பெயர்
எந்தக் கணக்கிலும் இல்லை.
நானே வைக்கிறேன்: வேம்புலி.
சுண்ணாம்புச் சட்டியோடு ஓடுகிறான்.
முதல் குண்டு தாழம்புதரில்.
அடுத்தது வரகுக் கொல்லையில்.
அங்கே களையெடுக்கும் ஒருத்தி
குனிந்தபோது மராட்டியர் குடி,
நிமிர்ந்தபோது கும்பெனிக் குடி.
களை அதே களை.
வேம்புலி குண்டைத் தொட்டுப் பார்க்கிறான். சுடுகிறது.
கோடு போடக் குனிகிறான்.
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
மச்சான் வீட்டுக் கிணறு வெளியே இருக்கட்டும் என்று
அரை முழம் இப்பால் தள்ளிப் போடுகிறான்.
இதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது.
ஆனால் நான் நில அளவர்.
எனக்குத் தெரியும்.

குண்டு கிராமம் என்று பெயர் மட்டும் நின்றது.
புதுச்சேரியிலிருந்து வேறொரு கொடி வந்தது.
ஒரு மாத முற்றுகை, பிறகு சரண்,
பிறகு வெடிமருந்து வைத்துக்
கொத்தளம் கொத்தளமாகத் தூக்கினார்கள்.
மிச்சத்தை ஊர் தூக்கியது.
கூடை கூடையாக, இருட்டில்,
அடுப்புக்கு, கிணற்றுக்கு, கொல்லைப்புறத் துவைகல்லுக்கு.
யாரும் முற்றுகை என்று சொல்லவில்லை.
இருநூற்றைம்பது வருடம் தாண்டியும்
அது முடியவில்லை:
இந்தச் சுவரில் ஒரு செங்கல் புதிதாகப் பெயர்ந்திருக்கிறது.

சங்கிலியை இழுத்தேன்.
படத்தில் இருக்கும் கல் தரையில் இல்லை.
"கல்லு எங்க இருந்துச்சு?"
இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள்.
அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒற்றுமை.
சுவர் முடிகிற மூலையில்
துருச் செதில் உதிரும் இரும்பு உருண்டை,
இளநீர் அளவு.
மாமனார் மேட்டிலிருந்து தூக்கிவந்து வைத்தாராம்.
"அதான் சார் எல்லை."

உருண்டையையா எல்லையாக வைப்பார்கள்?

"மழைக்கு உருளுது சார்" என்றாள் அஞ்சலாட்சி.
"மழை இல்லாத ராவுலயும் உருளுது"
என்றாள் பூங்காவனம்.
சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள்,
முடியவில்லை. அஞ்சலாட்சிக்கும் முடியவில்லை.
பிறகு ஞாபகம் வந்து
இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

குனிந்து தொட்டேன்.
பகல் பன்னிரண்டு மணி வெயில்.
சுட்டது.

எழுந்து சுற்றுமுற்றும் பார்த்தேன்.
சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்டேன்.
யார் வீட்டுச் சுண்ணாம்பு என்று
அங்கே அடுத்த சண்டை தொடங்கியது.